கொழும்புச் சுகம்

தச்சநல்லூர் எலியேசர் கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நம் ஊரைவிட அதுதான் உசத்தி என்று அடித்துச் சொல்லுவான்.

"ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி சாலோமி.

"ஏட்டி, கொழும்பு மாமா பத்து வருசமாக் காயிதம் போடுதாரு. ஒவ்வொண்ணுலயும் முதல் வரி என்ன? 'கர்த்தர் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம்.' பத்து வருசமா அங்கன ஒருத்தருக்கு ஒரு தும்மல்கூட இல்ல! இங்கன? காலரா, வறட்சி, தாசில்தார்!"

"அதுக்காக வயலை வித்துட்டுக் கொழும்புக்குக் கப்பலேறணுமா?"

"சுகம் வேணுமா, வயல் வேணுமா?"

வயலும் வீடும் கைமாறின. கப்பல் சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றார்கள். அப்போது கொழும்பிலிருந்து வந்து இறங்கியவர்களில் ஒருவர், கன்னம் ஒட்டி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"மாமா! நீங்க எங்க இங்கன?"

"கடையை வித்துட்டு ஒரேயடியா வந்துட்டேம்லே. அங்கன மனுசன் இருப்பானா? காய்ச்சல், மூட்டைப்பூச்சி, ஓயாத மழை!"

"காயிதத்துல அப்படி ஒண்ணும் எழுதலையே?"

"காயிதத்துல அதையெல்லாமா எழுதுவாக? நீதான் மாசந்தவறாம எல்லாரும் சுகம்னு எழுதுனியே. அதை நம்பித்தான் கப்பலேறினேன்."

சாலோமி கணவனைப் பார்த்தாள். எலியேசர் கடலைப் பார்த்தான்.

மாமா தம் மூட்டையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்.

"நடலே, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு மாமா?" என்றாள் சாலோமி.