இடப்பக்கம் சாய்ந்த முத்திரை

இசுருகியின் கைப்பையைச் சுமந்துகொண்டு, வழக்கம்போல் இரண்டடி பின்னால் நடந்து வந்தார் குசகபே. முன்னவருக்கு எழுபத்தெட்டு வயது, பின்னவருக்கு எழுபது. இருவரும் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகியும் அந்த இரண்டடி மட்டும் குறையவில்லை.

தொழிற்சாலை வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். 'நாகிசா' வண்டிகளில் கடைசி வண்டி இன்று காலை பதினொரு மணிக்கு வெளியே வருகிறது. வார நாளில் பீர் பெட்டி சுமந்த வேனும் நாகிசாதான், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன வேகனும் நாகிசாதான். ஒரே உடம்பு, பின்சீட்டு மட்டும் வேறு.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து வணங்கினாள். "நினைவுப் பரிசு வாங்கினதுக்கு இங்க ஒரு முத்திரை வச்சிடுங்க சார்."

இசுருகி, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையை எடுத்து இடது கட்டத்தில் பதித்தார். குசகபே அதற்கு அடுத்த கட்டத்தில் பதித்தார்.

"அடடா, உங்களுது கோணலா விழுந்துடுச்சே சார். வேற தாள் தரட்டுமா?"

இசுருகி சத்தமாகச் சிரித்தார். "கோணல் இல்லம்மா. மேலதிகாரி கட்டத்தைப் பாத்து நம்ம முத்திரையும் கும்பிடு போடணும். எங்க காலத்துப் பழக்கம் அது. இவன் இருக்கானே, கேன்டீன் டீ சீட்டுல கூட எனக்குத் தலை சாய்ச்சிருப்பான்!"

"கை அப்படியே பழகிப்போச்சும்மா," என்றார் குசகபே கூச்சத்தோடு. "நேரா வைக்கச் சொன்னாலும் எனக்கு வராது."

கூடத்துச் சுவரில் நாகிசாவின் கதை வருட வாரியாக மாட்டப்பட்டிருந்தது. இரண்டாம் தலைமுறை வண்டியின் படத்துக்கு முன்னால் குசகபே சற்று நின்றார். அந்தப் பின்கதவு அவர் வரைந்தது. பெட்டியைத் தூக்காமல் அப்படியே உள்ளே தள்ளலாம். இப்போதுதான் இடுப்பு தப்பித்தது என்று சாக்கே மதுக்கடைக்காரர்கள் கடிதம் எழுதினார்கள்.

அடுத்து இருந்தது வண்டியின் படம் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய ஒரு வரைபடத் தாள். மேலே, 'நாம் மறக்கக் கூடாத தவறு' என்று எழுதியிருந்தது.

"இதையா மாட்டி வச்சிருக்காங்க?" என்றார் குசகபே. "விழாவுக்குக் கூப்பிட்டுட்டு, என் அவமானத்தைச் சுவத்துல தொங்கவிட்டிருக்காங்களே சார். கம்பெனி இப்படிக் கழுத்தறுக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

பின்கதவைத் தாங்கும் தகடு இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க அதை ஒன்றரையாக்கச் சொன்ன தாள் அது. கதவு விழுந்து ஒரு கடைக்காரப் பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது, நாற்பத்தோராயிரம் வண்டிகள் திரும்ப வரவழைக்கப்பட்டன. தாளைச் சரிபார்த்தவர் கட்டத்தில் இருந்தது குசகபேயின் முத்திரை; அதை நம்பித்தான் மேலதிகாரி ஒப்புதல் தந்தார் என்று பழி முழுக்க அவர்மேல் விழுந்தது.

முத்திரை வைத்ததாக அவருக்கு நினைவே இல்லை. மேசையின் மேல் இழுப்பறையில்தான் அது கிடக்கும், பூட்டுகிற வழக்கம் அந்த அறையில் யாருக்கும் கிடையாது. ஆனால் அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. படிக்காமலே பதித்திருக்கிறோம், அதனால்தான் நினைவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். அப்போது பிரிவுத் தலைவராக இருந்த இசுருகிதான் மேலிடத்தில் மன்றாடி உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். இருபத்தைந்து வருடம் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கினார் குசகபே. அதன்பிறகு ஒரு கோடுகூட வரையவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஆண்டிறுதி நன்றிப் பரிசாக உப்பிட்ட சால்மன் மீன் ஒன்று, இருப்பதிலேயே பெரியதாக, இசுருகி வீட்டுக்குப் போகத் தவறியதில்லை.

"அதைப் பாக்காதேய்யா," என்று அவசரப்படுத்தினார் இசுருகி. "வா, முன்வரிசையில இடம் போயிடும்."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு வரேன் சார். விசாரணை அன்னைக்கு நீங்க பாக்க வேணாம்னுட்டீங்க."

"உன் மனசு தாங்காதேன்னுதான் சொன்னேன். பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? நான்தான் உன்னைக் காப்பாத்திட்டேனே!"

"அந்த நன்றி சாகிற வரைக்கும் இருக்கும் சார்," என்றார் குசகபே. படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தை நெருங்கினார்.

தாளின் மூலையில் இரண்டு கட்டங்கள். இடதில் ஒப்புதல் தந்த இசுருகி, வலதில் சரிபார்த்த குசகபே. சிவப்பு மை மங்கியிருந்தாலும் விளிம்புகள் தெளிவாக இருந்தன. குசகபே தன் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் படிப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வாத்தியங்கள் முழங்கின. கடைசி வண்டி வந்துவிட்டது போலும், கைதட்டல் கூடம்வரை கேட்டது.

"வண்டி வந்துடுச்சு பார்," என்றார் இசுருகி. "என்னய்யா அங்கயே நிக்கிற? பையை எடுத்துட்டு வா."

குசகபே கைப்பையைக் குனிந்து தரையில் வைத்தார். நிமிர்ந்தார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக இசுருகியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"இந்த முத்திரை உங்களுக்குத் தலை சாய்க்கலையே, சார்."