குங்குமக் கோடு

“அதான் கேக்குறேன், வயரே இல்லாத மெஷினை வெட்ட என்ன அவசரம், நானா?”

“கெஸ் கட்டர் வாடகைக்கு எடுத்தது தங்கச்சி. அவசரம் எனக்குத்தான்.”

அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் ‘நானா’ என்றழைக்கும் மஃறூப் பழைய இரும்பு வியாபாரி. றொசல்லயில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், ஒரு பக்கம் மோட்டாரும் மறுபக்கம் ஜெனரேட்டருமாக ஒரே அச்சில் கோர்த்த கிழட்டு இயந்திரத்தைத் துண்டுபோட வந்திருந்தார். சாவி கொண்டுவந்தவள் புஷ்பராணி. அந்த இயந்திரத்தை ஓட்டிய அவள் புருஷன் போன ஐப்பசியில் இறந்துவிட்டார்.

“கரண்ட நிப்பாட்டினாலும் அச்சு தானா நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருப்பாரு. யாரையும் கை வைக்க விடமாட்டாரு. அது நின்னாத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவாரு.”

“நல்ல மனுசன். இது நின்னு எத்தனை காலம்!” சிரித்துக்கொண்டே மஃறூப் குனிந்தார்.

கடைசி ஆயுதபூசைக்கு அந்த மனிதர் அச்சில் வைத்த குங்குமப் பொட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் அச்சைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. அச்சு சுற்றும்போதுதான் பொட்டு அப்படித் தெரியும். சத்தமே இல்லை. மஃறூப் விரலை நீட்டினார், காற்று பட்டது.

புஷ்பராணி கையோடு கொண்டுவந்திருந்த புருஷனின் சாப்பாட்டுத் தூக்கை ஜன்னலில் வைத்தாள். மூடியோரம் ஆவி வந்தது.

“தானா நிக்கட்டும் நானா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுக்கிறீங்களா?”