உள்ளூரில் 290

"அது எரர் இல்ல சார், ஹிட்டு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. மாத்தி எழுதுங்க."

டால்டன் கதவைக்கூடச் சாத்தாமல் நின்றபடியே கேட்டான். மிசிசிப்பிக்காரன். எவ்வளவு கோபம் வந்தாலும் பெரியவர்களிடம் 'சார்' போடாமல் வாயைத் திறக்க மாட்டான்.

வென்டெல் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். "உட்காரு."

"உட்கார வரல சார்."

பெல்ஃபோர்ட் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில், பத்திரிகைக்காரர்களுக்கான மாடி அறை அது. வென்டெல் அங்கே ஸ்கோரர். ஒருவன் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தால், அது அடித்தவனின் திறமையா, தடுத்தவனின் தவறா என்று தீர்ப்பு எழுதுவது அவர் ஒருவர்தான். திறமை என்றால் ஹிட். தவறு என்றால் எரர், அடித்தவனுக்கு ஒன்றும் சேராது. எழுதியதை மாற்ற இருபத்து நாலு மணி நேரம் உண்டு. சீசனின் கடைசி ஆட்டம் நேற்று ஐந்து மணிக்கு முடிந்தது. இப்போது நாலு நாற்பது.

ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை ஹிட் என்ற கணக்கில், டால்டனின் சராசரி 331. டெக்சாஸ்காரன் ஒருவன் 332 எடுத்து முன்னால் நிற்கிறான். அந்த ஒரு பந்து ஹிட் ஆகிவிட்டால் இவன் 333, லீகின் சிறந்த பேட்டர் பட்டம் இவனுக்கு.

"பட்டம் வந்தா மேல் லீக்ல பயிற்சி முகாமுக்குக் கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க சார். இல்லாட்டி இன்னியோட என்னைக் கழட்டி விட்டுடுவாங்க. முப்பத்திரண்டு வயசு ஆளை வேற எவன் எடுப்பான்? நேரா மீன் ஆலைக்குப் போய்க் கெளுத்திக்குத் தலை வெட்ட வேண்டியதுதான்."

"அதுவும் ஒரு வேலைதான்."

"உங்களுக்குச் சொல்ல சுலபம்." டால்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். "பந்தைப் புடிக்காம விட்டவனே எழுதிக் கொடுத்திருக்கான். கல்லுல பட்டுத் துள்ளிச்சாம். எவனாலயும் புடிச்சிருக்க முடியாதாம்."

வென்டெல் அதைத் தொடவில்லை. "எரர்னா அவனுக்குக் கெட்ட பேரு. அவன் வேற எப்படி எழுதுவான்?"

"சரி, அவன் பொய் சொல்றான். உங்க பக்கத்துல இருந்த ரேடியோக்காரர்? அவரும் ஹிட்டுன்னுதானே சொன்னார்? நீங்க பார்க்கலையா சார்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

வென்டெல் கடலைத் தோலைப் பார்த்தார்.

அவர் பார்த்திருந்தார். பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பியதும், அது சட்டென்று திசை மாறியதும் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெரிந்தது. ஹிட் என்று எழுதத்தான் கை போனது. எரர் என்று எழுதினார்.

"ஒம்பது வருஷமா இந்த ஊருக்கு ஆடறேன்," என்றான் டால்டன். "சந்தேகமா ஒரு பந்து வந்தா மத்தவனுக்கு ஹிட்டு, எனக்கு எரர். இந்த வருஷம் வெளியூர்ல என் சராசரி 370. உள்ளூர்ல 290. சொந்த ஊர்ல மட்டை மறந்து போறவன் உலகத்துல எவனாவது உண்டா சார்? நம்ம பசங்க கேலி பண்றானுங்க. 'பஸ் ஏறினாத்தான் டால்டனுக்குக் கண்ணு தெரியும்'கிறானுங்க."

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி, இந்த நாற்காலியை விட்டு எழுந்திரின்னு நாலு பேர் எங்கிட்ட வந்தாங்க," என்றார் வென்டெல். "ஒரே ஒரு தடவை நான் ஓரவஞ்சனை பண்ணினதைக் காட்டுங்க, எழுந்திருக்கறேன்னு சொன்னேன். இன்னிவரைக்கும் எவனாலயும் காட்ட முடியல."

"நான் காட்டறேன் சார். அறுபது, எழுபது தடவை காட்டறேன். ஆனா எனக்காக எவன் கேக்கப் போறான்?"

வென்டெலின் தலைக்கு மேலே சுவரில் லீக் கொடுத்த பட்டயங்கள் எட்டு. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஆண்டின் நேர்மையான ஸ்கோரர்.' ஒன்பதாவதுக்கு ஆணி அடித்துத் தயாராக இருந்தது.

மணி நாலு ஐம்பத்தைந்து. டால்டன் தொப்பியைக் கழற்றினான். நாற்காலியில் உட்கார்ந்தான். முதல்முறையாகக் கெஞ்சினான்.

"எனக்குச் சாதகமா எழுத வேண்டாம் சார். கண்ணால பார்த்ததை எழுதுங்க. வேற எதுவும் கேக்கல."

தொலைபேசி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. லீக் அலுவலகத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. வென்டெலின் கை மேஜையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றது. வெளியே மைதானத்தில் யாரோ குழாயைத் திறந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தார். கை திரும்பி வந்து ஒரு கடலையை எடுத்தது.

ஐந்து அடித்தது.

டால்டன் எழுந்தான். கோபம்கூட அவனிடம் மிச்சமில்லை. தொப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டு வாசல் வரை போனவன், திரும்பாமலே நின்றான்.

"இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு எனக்குத் தட்டு வைக்க வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிடுங்க, அப்பா."

மகனின் காலடி ஓசை படிகளில் இறங்கி ஓயும்வரை, மகனுக்குச் சாதகமாக எழுதினார் என்று ஒருவரும் சொல்ல முடியாத அந்த நேர்மையான ஸ்கோரர் கடலையை உரித்துக்கொண்டே இருந்தார்.