ஸ்கேனரில் சிக்கியது

காசோலையைப் பாதி விழுங்கிய ஸ்கேனர் கரகரத்து நின்றுவிட்டது. ஸ்டேப்ளர் பின்னாகத்தான் இருக்குமென்று வங்கி கிளார்க் சுலோசனா மூடியைத் திறந்து உருளைகளுக்கிடையே விரலை விட்டாள். வந்தது காசோலையின் பின்புறம் ஒட்டியிருந்த, வேரோடு பிய்ந்த மனித நகம், ரத்தம்கூட இன்னும் காயவில்லை. ஆனாலும் பழகிய கை காசோலையை மறுபடி செருகிவிட்டது. திரையில் சாம்பல் நிறப் படம் விழுந்தது. ரத்தம் வெறும் மைக்கறையாகத் தெரிந்தது. மில்காரர் அருளப்பர் அண்ணாச்சியின் கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டு கிடந்தது.

“கையெழுத்து ஒத்துப்போகல. திருப்பித்தான் அனுப்பணும்” என்றாள்.

காசோலையைக் கொண்டுவந்து கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவள் உள்ளங்கையிலிருந்த நகத்தை நிதானமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“அனுப்புங்க மேடம். மறுபடி கையெழுத்து போட வச்சு வாங்கிட்டு வரோம். அண்ணாச்சிகிட்ட இன்னும் ஒம்பது இருக்கு.”