மூக்கும் முழியுமாய்

"இதைவிடக் குறைஞ்ச விலையில இல்லையாம்மா?"

லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் கேட்டபோது கடைப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

டி.வி. தொடர்களில் வருகிறவர்களின் பொம்மை, கோப்பை, பனியன் எல்லாம் விற்கிற கடை அது. அவர் தேடி வந்தது, சாயந்திரத் தொடரில் வரும் துப்பறிவாளரின் பொம்மையை. மனைவிக்குப் பரிசாம். கொலைகாரன் யாரென்று துப்பறிவாளருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிடுவாளாம். சொல்லும்போதே அவர் முகமெல்லாம் பெருமை.

பெருமைக்குக் குறைச்சலில்லை, பர்ஸைத் திறக்கத்தான் மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள் கடைப் பெண்.

அவர் வந்ததும் முதலில் கண்ணாடி அலமாரியிலிருந்த ஒரிஜினலைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, இந்த மாசம் கட்டுப்படியாகாது என்று திருப்பிக் கொடுத்தார்.

மலிவான நகலைக் காட்டினாள். சாம்பல் நிறக் கோட்டு, கறுகறுவென்று மீசை. பார்க்க அச்சு அசல் அந்தத் துப்பறிவாளரேதான். மெக்கானிக் அதன் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றார்.

"எல்லாத்தையும் பெயின்ட்லயே வரைஞ்சு விட்டிருக்காங்கம்மா. மூக்கும் முழியுமா இருக்கணும்."

பிறகு மூலையிலிருந்த தள்ளுபடிக் கூடையைக் கிளற ஆரம்பித்தார். அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒரிஜினல்தான். ஆனால் தொழிற்சாலையிலேயே வர்ணம் மாறிப்போன உருப்படி. கோட்டு பச்சை, மீசை மஞ்சள். குழந்தைகள்கூட அதைச் சீண்டியதில்லை.

அவர் அதன் முகத்தையும் தடவினார். கோட்டுப் பொத்தான், காலர் மடிப்பு, பொம்மையின் கையிலிருந்த குடையின் கம்பி எல்லாவற்றையும் நகத்தால் நெருடினார். இது போதும் என்றார்.

அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பரிசுன்னு சொல்றீங்க சார். மஞ்ச மீசையைக் கொண்டுபோய்க் கொடுத்தா அவங்க மனசு கஷ்டப்படாதா?"

"அவ தரம் பார்த்து எடைபோடறவம்மா. இதுல ஒரு குறை சொல்லமாட்டா."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கஞ்சனுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது என்று கல்லாவில் இருந்தவரிடம் முணுமுணுத்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தவள், எதிர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். பக்கத்தில் மனைவி. மனுஷன் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்கலாமே என்று கிட்டே போய் நின்றாள்.

அந்த அம்மாள் பொம்மையைப் பார்க்கவேயில்லை. முகம் ரோட்டுப் பக்கம் நிமிர்ந்திருந்தது. விரல்கள் மட்டும் பொம்மையின் நெற்றியிலிருந்து மெள்ள இறங்கி, மூக்குக்கு வந்ததும் நின்றன. மடியில் வெள்ளைக் கைத்தடி.

"பாத்தீங்களா? ஆள் எப்படி இருப்பார்னு கேட்டா, கண்ணு தெரியற நீங்கல்லாம் 'நல்லா இருப்பார்'னு மட்டும்தான் சொன்னீங்க" என்றாள், முகம் மலர. "குரலை வெச்சே நான் சொன்னேனா இல்லையா, மூக்கு லேசா வளைஞ்சிருக்கும்னு?"