சத்தமில்லாமல் ஊற்றிய ஈஸ்ட்

அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாவு வீட்டிலேயே பீர் காய்ச்சிக் கொடுப்பது எங்கள் வோஸ் பக்கத்து வழக்கம். என் கணவர் தோர்கில்ஸ் உள்ளறையில் கிடந்தார். தாடை தொங்காதிருக்க வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

போன முறை காய்ச்சியபோது மர வளையத்தில் தோய்த்துக் காயவைத்திருந்த ஈஸ்ட்டைச் சுரண்டி, வெதுவெதுப்பான மால்ட் சாற்றில் போட்டு, ஜாடியை அவருடைய கம்பளிச் சட்டையில் சுற்றிவைத்தேன். காலையில் நுரை தளும்பியது. அதைத் தொட்டியில் ஊற்றும்போது யாராவது உரக்கக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் பீரில் வேகம் இருக்காது. எங்கள் வீட்டில் எப்போதும் அவர்தான் கத்துவார்.

"நீங்க கத்துங்க அண்ணி," என்றான் கொழுந்தன் ஷூர். "பீர் சப்புன்னு இருந்தா ஊரு அண்ணனத்தான் பேசும்."

"பொணம் கெடக்குற வீட்டுல கத்தச் சொல்றியா? பேசாம ஊத்து."

பாதி ஈஸ்ட்டை முதல் தொட்டியில் சத்தமில்லாமல் ஊற்றினோம். இரண்டாவது தொட்டியில் சாறு இன்னும் ஆறவில்லை.

மதியம் ஏரிக்கு அக்கரையிலிருந்து ஆஸ்முன் காலி ஜாடியோடு படகில் வந்தார். சாவுச் செய்தி அவருக்குப் போயிருக்கவில்லை.

"என் ஈஸ்ட் செத்துப்போச்சும்மா. காலைல தோர்கில்ஸ் போட்ட கூச்சல் அக்கரைக்குக் கேட்டுச்சு. சரி, இங்க புதுசு பொங்கிடுச்சுன்னு வந்துட்டேன். அந்தத் தொண்டைக்கு மட்டும் வயசே ஆகாதா?"

ஷூர் என்னைப் பார்த்தான். செய்தியைச் சொல்ல அவனை விட்டுவிட்டு நான் உள்ளறைக்குப் போனேன்.

துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. வாய் அகலத் திறந்திருந்தது.

சாயங்காலம் இரண்டாவது தொட்டிக்கு ஊற்ற வேண்டும். துணியை நான் மறுபடி கட்டவில்லை.