கஜலட்சுமியின் ஒப்பாரி

ஒப்பாரி வைக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்தச் சொல்ல யாருக்காவது மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள்? ஜனார்த்தனனுக்கு வந்தது.

"வாய மூடு கஜா! தெருவே பாக்குது."

குண்டசாலையில் அண்ணன் கட்டிய மாடி வீட்டு வாசலில், தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த கஜலட்சுமி குரலை இன்னும் உயர்த்தினாள்.

"பத்து மாசம் சொமந்தவளே, என்னப் பெத்தவளே!
மாடி வச்ச வீட்டுல ஒரு மூல இல்லாமப் போனவளே!"

"நிறுத்துறியா இல்லையா?"

"கையெழுத்தப் போடுண்ணே, நிறுத்துறேன்." மடியிலிருந்த தாளை நீட்டினாள்.

"பொணம் கெடக்கையிலயே சொத்துச் சண்டையா?" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பக்கத்து வீட்டு ரத்தினம்மா மாலையும் கையுமாக ஓடி வந்தாள். "அடப் பாவமே! அம்மா ஹட்டன்ல மக வீட்டுல நல்லா இருக்காங்கன்னுதானே சொன்னீங்க தம்பி? எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?"

"அந்த மக நான்தாங்க" என்று சீறினாள் கஜலட்சுமி. "அம்மா என் வீட்டுக்கு வரவே இல்ல. நாலு மாசமா கடுகண்ணாவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல கெடக்கு. சேத்துவிட்ட அண்ணன் கையெழுத்துப் போட்டாத்தான் என்கூட அனுப்புவாங்களாம். வெளிய தெரிஞ்சா மானம் போயிருமாம், போட மாட்டேங்குறாரு."

"உசுரோட இருக்கவங்களுக்கா ஒப்பாரி வைக்கிற?"

"அண்ணனுக்கு அம்மா செத்து நாலு மாசமாச்சுங்க. நான்தான் பிந்தி அழுவுறேன்."

ரத்தினம்மா மாலையை ஜனார்த்தனனின் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள். அவன் பேனாவைத் தேடினான்.

மறுநாள் காலை அம்மாவும் கஜலட்சுமியும் ஹட்டனுக்குப் புறப்பட்டார்கள்.